பாஸ்புக்கில் வரவு, பேரேட்டில் பற்று

2022 ஜூலையில் வருமான வரிப் படிவம் நிரப்பும்போது ஒரு சின்னக் கேள்வி வந்து நின்றது: சேமிப்புக் கணக்குகளில் அந்த நிதியாண்டில் வந்த வட்டி மொத்தம் எவ்வளவு? வருமான வரிச் சட்டத்தின் 80டிடிஏ பிரிவில், அந்த வட்டியில் 10,000 ரூபாய் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள அப்போது வழி இருந்தது. எனக்கு மூன்று வங்கிகளில் மூன்று கணக்குகள். ஒன்று சம்பளத்துக்கு, ஒன்று மனைவியோடு சேர்ந்து திறந்தது, மற்றொன்று கல்லூரி நாளில் திறந்து மறந்தே போனது. அந்த ஒரு தொகையைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று.

அதன்பிறகு எட்டு மாதம் எக்செல்லில் எழுதினேன். கூட்டல் எப்போதும் சரியாக வந்தது, கணக்குதான் வரவில்லை. ஏடிஎம்மில் எடுத்த 10,000 ரூபாயைச் செலவு என்று எழுதுவேன். அதே பணத்தில் வாங்கிய மளிகையையும் செலவு என்று எழுதுவேன். மாதக் கடைசியில் என் செலவு சம்பளத்தைத் தாண்டியிருக்கும், ஆனால் வங்கியில் பணம் மீதமிருக்கும். இது நல்ல செய்திதானே என்று விட்டுவிடவும் மனம் வரவில்லை.

பிறகு க்னூகேஷ் என்ற கணக்கெழுதும் மென்பொருளுக்கு மாறினேன். அதைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் செய்யவில்லை. இலவசம், 1998இல் முதல் பதிப்பு வந்ததிலிருந்து விடாமல் நடந்துவரும் திட்டம், கோப்பு என் கணினியிலேயே இருக்கும். முன்பு ஒரு நண்பர் மைக்ரோசாஃப்ட் மணி என்ற இதேபோன்ற மென்பொருளில் எல்லாவற்றையும் ஏற்றி வைத்திருந்தார். 2009இல் அதன் விற்பனையை நிறுத்தியதும் அவர் புலம்பியதைக் கேட்டிருக்கிறேன். க்னூகேஷின் கோப்பு, எக்ஸ்எம்எல் என்ற எழுத்து வடிவில் எழுதிச் சுருக்கி வைத்தது. நாளை மென்பொருளே இல்லாமற்போனாலும் பிரித்துப் படித்துவிடலாம். ஒரே குறை, கோப்புக்குக் கடவுச்சொல் போடும் வசதி அதில் கிடையாது. குறியாக்கம் செய்த ஒரு கோப்புறைக்குள் வைத்துக்கொண்டேன்.

நிறுவுவது பத்து நிமிட வேலை. 2023 ஏப்ரல் 1 அன்று புதிய கோப்பைத் திறந்ததும், சொத்து, பொறுப்பு, வருமானம், செலவு, மூலதனம் என்று ஐந்து கிளையாக ஒரு கணக்கு மரத்தை அதுவே நட்டுக் கொடுத்தது. பெயர்களையெல்லாம் தமிழில் மாற்றினேன். ஆர்வக்கோளாறில் செலவுக்குக் கீழே மட்டும் 60 கணக்குகள் தொடங்கினேன். காய்கறி தனி, கீரை தனி. இப்போது 22தான் இருக்கின்றன. கீரை காய்கறியோடு சேர்ந்துவிட்டது.

சிக்கல் அன்று மாலையே வந்தது. அமைப்புகளில் பற்று (டெபிட்), வரவு (கிரெடிட்) என்ற முறையான தலைப்புகளைக் காட்டும்படி மாற்றிவிட்டேன், தெரிந்தவன் மாதிரி. உடனே சம்பளம் வங்கிக் கணக்கில் பற்றுப் பக்கம் போய் உட்கார்ந்தது. பாஸ்புக்கில் அது வரவு என்றல்லவா இருக்கிறது? மென்பொருளில்தான் ஏதோ பிழை என்று அரைமணி நேரம் இணையத்தில் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்பா பக்கத்தில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடையில் முப்பது ஆண்டுக்கு மேல் கணக்கு எழுதியவர். அன்றாடக் குறிப்பான சிட்டையில் எழுதி, கணக்கு வாரியாகப் பிரித்த பேரேட்டில் ஏற்றி, ஆண்டு முடிவில் சொத்தையும் பொறுப்பையும் காட்டும் ஐந்தொகை எடுப்பதுவரை எல்லாம் அவர் கைதான். கணினியை மட்டும் தொடமாட்டார். என் சிக்கலைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றினார்.

"பாஸ்புக் யாருடைய பேரேடு?" என்றார்.

"வங்கியுடையது."

"அவர்கள் பேரேட்டில் நீ பணம் கொடுத்தவன். கொடுத்தவன் கணக்கில் வரவு. நம் பேரேட்டில் வங்கி பணத்தைப் பெற்றுக்கொண்டது. பெற்றவன் கணக்கில் பற்று. இதில் என்ன குழப்பம் தம்பி?"

வங்கி எனக்குத் தருகிற பாஸ்புக், அவர்களுடைய கணக்கின் நகல் என்பது நாற்பது வயதில்தான் எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து இந்த மென்பொருளுக்கு வீட்டில் ஒரு தணிக்கையாளர் கிடைத்தார்.

முதல் மூன்று மாதம் எல்லாவற்றையும் கையால் பதிந்தேன். ஏடிஎம்மில் எடுத்தால் அது வங்கியிலிருந்து கையிருப்புக்கு மாற்றம், செலவு இல்லை. எக்செல் கொடுத்த தலைவலி இந்த ஒரு வரியில் தீர்ந்தது. வீட்டுக் கடன் தவணையும் அப்படித்தான். கோப்பைத் தொடங்கியதற்கு முந்தைய மாதம் 20 லட்சம் கடன் வாங்கியிருந்தேன், 8.5 சதவீதம், 20 ஆண்டு. மாதத் தவணை 17,356 ரூபாய். அதை ஒரே செலவாக எழுதப் போனால் அப்பா விடவில்லை. ஒரே பதிவை இரண்டாகப் பிரித்து எழுத க்னூகேஷில் வழி இருக்கிறது: முதல் தவணையில் 14,167 ரூபாய் வட்டி என்று செலவுக்கும், 3,189 ரூபாய் அசல் என்று கடன் கணக்குக்கும். கடன் எந்த வேகத்தில் கரைகிறது என்பதை அந்த 3,189 என்ற எண்ணைப் போல வேறெதுவும் எனக்குச் சொன்னதில்லை.

ஜூன் முடிவில் வங்கி அறிக்கையோடு ஒப்பிடும் வேலை. இதற்கென்று தனிச் சாளரம் இருக்கிறது. அறிக்கையின் கடைசித் தேதியையும் இருப்பையும் கொடுத்து, ஒவ்வொரு பதிவாகச் சரி போட்டுக்கொண்டே வர வேண்டும். வித்தியாசம் பூஜ்யமானால்தான் முடிக்கவே விடும். எனக்கு 17 ரூபாய் 70 காசு இடித்தது. விட்டுத்தொலைக்கலாம் என்று தோன்றியது. ஆனால் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவருக்கு அப்படித் தோன்றவில்லை. அவரது கடையில் நாலணா இடித்தாலும் விளக்கை அணைக்க மாட்டார்களாம். இரவு பதினோரு மணிக்குக் கிடைத்தது: குறுஞ்செய்தி அனுப்பியதற்காகக் காலாண்டுக்கு ஒருமுறை வங்கி எடுத்துக்கொள்ளும் 15 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 2 ரூபாய் 70 காசு. பணம் எடுத்ததைச் சொல்வதற்காக எடுக்கும் பணம்.

மாதத்துக்கு நூற்றைம்பது யுபிஐ பதிவுகள் வரும். டீ, பூ, ஆட்டோ என்று பாதிக்கு மேல் நூறு ரூபாய்க்குள். ஆகவே ஜூலையிலிருந்து வங்கி தரும் சிஎஸ்வி கோப்பை, அதாவது வரிக்கு ஒரு பதிவாகக் காற்புள்ளியிட்டுப் பிரித்த பட்டியலை, இறக்கி ஏற்றலாம் என்று முடிவு செய்தேன். அங்கேதான் நன்றாக மாட்டினேன். வங்கிக் கோப்பில் தேதி நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் இருக்கிறது. நான் கவனிக்காமல் மாதம், நாள், ஆண்டு என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். பல வரிகளில் பிழை என்று காட்டியது. தலைப்பு வரியும் அடிக்குறிப்பும்தான் போலும் என்று நினைத்து, பிழையான வரிகளைத் தவிர்க்கும் பெட்டியில் டிக் அடித்து மேலே போனேன்.

திறந்து பார்த்தால் ஜூலை 1ஆம் தேதி வாங்கிய அரிசி ஜனவரி 7இல் இருக்கிறது. 2ஆம் தேதிப் பால் பிப்ரவரி 7இல். 12ஆம் தேதி கட்டிய மின்கட்டணம் இன்னும் வராத டிசம்பர் 7இல். ஆண்டு முழுவதும் ஏழாம் தேதியன்று மட்டும் நாங்கள் வாழ்ந்ததுபோல் இருந்தது. 12ஆம் தேதிக்குப் பிறகு வந்தவை, பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாததால், மொத்தமாகக் காணவில்லை. நல்லவேளையாக, ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் பழைய கோப்பை நேரத்தோடு பெயரிட்டு அது தனியே வைத்துவிடுகிறது. முந்தைய நாள் கோப்பைத் திறந்து மறுபடி தொடங்கினேன். பெரிய கோப்பை ஏற்றுமுன் பத்து வரியை மட்டும் வெட்டி ஏற்றிப் பார்ப்பது அன்று பிடித்த பழக்கம்.

ஏற்றும்போது ஒவ்வொரு வரிக்கும் எந்தக் கணக்கு என்று நாம் காட்ட வேண்டும். காட்டக் காட்ட, விவரத்தில் வரும் சொற்களை வைத்து அதுவே ஊகிக்கக் கற்றுக்கொள்கிறது. மூன்றாவது மாதத்தில் பெரும்பாலானவற்றைச் சரியாகச் சொன்னது. என் மைத்துனர் பெயரும் பால்காரர் பெயரும் ஒன்று என்பது மட்டும் அதற்கு விளங்கவில்லை. மைத்துனருக்குக் கொடுத்த 15,000 ரூபாய் கைமாற்று பால் செலவில் ஏறி, அந்த மாத அறிக்கையில் நாங்கள் பாலில் குளித்த குடும்பமாகத் தெரிந்தோம். ஊகத்தைக் கண்ணால் பார்த்துத்தான் சரி சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது சீட்டுதான். பதிவு பெற்ற நிறுவனம் ஒன்றில் ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு. 20 பேர், 20 மாதம், மாதம் 5,000. "சீட்டில் சேமிக்கிறோம்" என்றுதான் வீட்டில் பேச்சு. இதற்குத் தயார் மாதிரி எதுவும் மென்பொருளில் இல்லை. அப்பா ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டினார். சீட்டு ஒரு சொத்துக் கணக்கு. ஏலத்தில் தள்ளிய தொகையில் என் பங்காக வரும் கழிவு 1,000 போக 4,000 கட்டுகிற மாதத்திலும் சீட்டுக் கணக்கில் 5,000 பற்று. 4,000 வங்கியிலிருந்து, 1,000 சீட்டுக் கழிவு என்ற வருமானத்திலிருந்து. ஏழாவது மாதம் ஏலத்தில் 25,000 தள்ளி நான் எடுத்தேன். கைக்கு வந்தது 75,000. அதை எழுதும்போது வங்கிக்கு 75,000, சீட்டுத் தள்ளு என்ற செலவுக்கு 25,000, சீட்டுக் கணக்கில் ஒரு லட்சம் வரவு.

எண்டர் தட்டியதும் சீட்டுக் கணக்கின் இருப்பு சிவப்பாக மாறியது: கழித்தல் 65,000. கழிவையும் சேர்த்து அதுவரை 35,000 கட்டியிருக்கிறேன், ஒரு லட்சம் எடுத்துவிட்டேன். மீதம் 13 தவணை, தலா 5,000. கச்சிதமாக 65,000. பணம் வந்த நாளில் நாங்கள் ஓட்டலுக்குப் போய்ச் சாப்பிட்டோம். அன்றுதான் கடன்காரர்களாகியிருக்கிறோம். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்படியானால் அந்த 25,000 வட்டியா?" என்று கேட்டாள். வரவிருக்கும் கழிவுகளைக் கழித்தால் மீதி வட்டிதான் என்று அப்பா கூடத்திலிருந்தே சொன்னார்.

மொய்யில் மட்டும் இன்னும் உடன்பாடில்லை. வைத்த மொய் திரும்பி வர வேண்டிய பணம், சொத்தில்தான் காட்ட வேண்டும் என்கிறார் அப்பா. அதற்கு மொய் நோட்டு சாட்சி. எங்கள் வீட்டில் இனி யாருக்குக் கல்யாணம், அது செலவுதான் என்கிறாள் மனைவி. கோப்பு என் பெயரில் இருந்தாலும் கோபம் என்மேல் வரக்கூடாது என்பதால் செலவில் எழுதி, அப்பாவின் நோட்டைத் தொடாமல் விட்டேன்.

2024 மார்ச் 31 அன்று ஐந்தொகையை அச்சிட்டு அப்பாவிடம் கொடுத்தேன். கணினி கூட்டியதுதானே என்று விடவில்லை. பென்சிலை எடுத்து ஒவ்வொரு வரியாக மறுபடி கூட்டினார். இரண்டு பக்கமும் நேரானது. பிறகு பொறுப்புகளுக்கு மேலே இருந்த ஒரு வரியில் பென்சிலை வைத்தார்: இம்பேலன்ஸ், 430 ரூபாய். எதிர்க்கணக்கு கொடுக்காமல் விட்ட பதிவுகளை மென்பொருள் தானாகப் போட்டுவைக்கும் இடம் அது. ஆகஸ்ட் 19, யுபிஐ, ஒரு பன்னிரண்டு இலக்க எண், யார் என்று தெரியாத ஒரு பெயர்.

"இது யாருடைய பணம்?" என்றார்.

தெரியவில்லை என்றேன். அடுத்த ஆண்டுக் கணக்குக்கு அதை அப்படியே முன்கொண்டு போகச் சொன்னார். இன்றும் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.