மலைச்சரிவு நகரம் ஒன்றுக்குத் தீப்பாதுகாப்பு விதிகளைத் திருத்திய அனுபவம்

கலிஃபோர்னியாவில் மாநிலத் தீப்பாதுகாப்பு விதித்தொகுப்பு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. மாநில விதிகளைவிடக் கடுமையானவற்றை ஒரு நகரம் உள்ளூர்த் திருத்தங்களாக வைத்துக்கொள்ள விரும்பினால், மாநிலச் சுகாதாரம் மற்றும் பாதுகாப்புச் சட்டத்தின் 17958.5, 17958.7, 18941.5 ஆகிய பிரிவுகள் இடம் தருகின்றன. ஆனால் அந்த ஊரின் தட்பவெப்பமோ, நிலவியலோ, நிலத்தோற்றமோ அந்தக் கடுமையைத் தேவையாக்குகிறது என்று எழுத்தில் காட்டியாக வேண்டும். 2023 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த 2022ஆம் ஆண்டுப் பதிப்பின்போது, சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குப் பக்கம் உள்ள சிறு நகரம் ஒன்றின் தீத்தடுப்புப் பிரிவில் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது.

பழைய திருத்தங்கள் புதிய பதிப்புக்குத் தாமாக ஒட்டிக்கொண்டு வருவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் நகரமன்றம் அவற்றை மீண்டும் நிறைவேற்றி, காரணங்களையும் மீண்டும் பதிவு செய்ய வேண்டும். முந்தைய சுற்றின் கோப்பில் இருந்த காரண அறிக்கை, இங்கே மலை உண்டு, காற்று உண்டு, நிலநடுக்கம் உண்டு என்று ஒரே பக்கத்தில் சொல்லிவிட்டு, அதன்கீழ் எல்லாத் திருத்தங்களையும் வரிசையாக அடுக்கியிருந்தது. இவற்றைப் பெற்றுப் பதிவு செய்யும் மாநிலக் கட்டட விதிகள் ஆணையம் ஒரு திருத்தத்தின் தகுதியை எடைபோடுவதில்லை. காரணம் இணைக்கப்படாவிட்டால்தான் நிராகரிக்கலாம். ஆகவே அந்த ஒரு பக்கமே போதும் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. விதியால் செலவு கூடும் கட்டடக்காரர் கேள்வி கேட்கும்போது, நகரத்தின் கையில் இருக்கும் ஒரே பதில் அந்த அறிக்கைதான்.

அதனால் மூன்று பத்திகள் கொண்ட அட்டவணை ஒன்று போட்டேன். முதல் பத்தியில் திருத்தம். இரண்டாவதில் அது எந்த இடரைச் சார்ந்தது. மூன்றாவதில் அந்த இடர் எவ்வாறு மாநில விதியைப் போதாததாக்குகிறது. மூன்றாவது பத்திதான் ஆளைத் திணறடித்தது. தீ எச்சரிக்கைக் கருவிப் பெட்டியை எங்கே பொருத்த வேண்டும் என்ற பழைய திருத்தம் ஒன்றுக்கு அங்கே எழுத எதுவுமே கிடைக்கவில்லை. "நல்ல விதிதானே சார், பல வருஷமா இருக்கே" என்றார், எங்கள் பிரிவின் மூத்த ஆய்வாளரான இன்னொரு தமிழர். நல்ல விதிதான்; ஆனால் மலைக்கும் காற்றுக்கும் நிலநடுக்கத்துக்கும் அதோடு எந்தத் தொடர்பும் இல்லை. அதை விட்டுவிட்டோம்.

காற்றுக்கான காரணத்தை எழுதுவது எளிதாக இருந்தது. இலையுதிர் காலத்தில் உள்நாட்டிலிருந்து கடலை நோக்கி மலை தாண்டி இறங்கும் வெப்பமான, வறண்ட வடகிழக்குக் காற்றை இங்கே டியாப்லோ காற்று என்பார்கள். 1991 அக்டோபர் 19 அன்று ஓக்லண்டு மலையில் அணைக்கப்பட்ட ஒரு புல்தீ, மறுநாள் அந்தக் காற்றில் மீண்டும் மூண்டு, 25 உயிர்களையும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட குடியிருப்புகளையும் கொண்டுபோயிற்று. மரச்சில்லுக் கூரைகள் எரிந்து கங்குகளைத் தொலைவுக்கு எறிந்தன. மின்சாரம் போனதால் நீரேற்றிகள் நின்று மேட்டுத் தொட்டிகள் வற்றின. உதவிக்கு வந்த ஊர்களின் இரண்டரை அங்குலக் குழாய் இணைப்புகள் ஓக்லண்டின் மூன்று அங்குலத் தெருக்குழாய் வாய்களில் பொருந்தவில்லை. தீப்பற்றாத கூரையையும், பரண் காற்றுத்துளைகளுக்கு எட்டில் ஒரு அங்குலத்துக்கு மிகாத கண்ணி கொண்ட வலையையும், மாநிலம் கேட்பதைவிட அதிகமான வீடுகளுக்கு நாங்கள் கட்டாயமாக்கியதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

நிலத்தோற்றத்துக்கான காரணத்தை நாற்காலியில் உட்கார்ந்து எழுத முடியாது. விதித்தொகுப்பின் 503.2.1 பிரிவு, தீயணைப்பு வண்டி செல்லும் வழிக்குத் தடையற்ற 20 அடி அகலமும் 13 அடி 6 அங்குல உயரமும் கேட்கிறது. அளவுநாடாவை எடுத்துக்கொண்டு மேட்டுத் தெருக்களுக்குப் போனோம். ஒரு தெருவில் தார் போட்ட அகலமே 18 அடி, ஓரத்தில் நின்ற கார் ஏழடியை எடுத்துக்கொண்டது, மீதி பதினொன்று. பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்தால் எங்கள் வண்டிக்கு ஏறக்குறைய பத்தடி வேண்டும். வண்டி ஏறிவிடும், ஆனால் அதே நேரத்தில் ஒரு குடும்பம் காரில் கீழே இறங்கி வர முடியாது. இருக்கும் தெருவைத் தீ விதி அகலமாக்காது என்பதால், அந்தத் தெருக்களில் புதிதாகக் கட்டுவோர் வண்டி திரும்புவதற்கான இடத்தையும் கூடுதல் தண்ணீரையும் தர வேண்டும் என்று எழுதினோம்.

உண்மையான வாக்குவாதம், தீயின் வெப்பத்தில் தானாகத் திறந்து தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் பற்றித்தான் நடந்தது. கடைகள் 12,000 சதுர அடியைத் தாண்டினால்தான் மாநிலம் அதைப் பொதுவாகக் கேட்கிறது. நாங்கள் அந்த வரம்பை வெகுவாகக் குறைக்க நினைத்தோம். ஹேவர்டு நிலப்பிளவு எங்கள் ஊருக்கு அருகே ஓடுகிறது. 1868 அக்டோபர் 21 அன்று அதில் ஏறத்தாழ 6.8 அளவுள்ள நிலநடுக்கம் வந்தது. அப்படி ஒன்று மீண்டும் வந்தால் ஒரே நேரத்தில் பல இடங்களில் தீ பற்றும், எல்லா இடத்துக்கும் வண்டி போகாது, எனவே கட்டடமே தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் வாதம். பொது விசாரணையில் நகரமன்ற உறுப்பினர் ஒருவர், தெருவின் பெருங்குழாயே உடைந்துவிட்டால் ஸ்பிரிங்க்ளருக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்டார். கேள்வி நியாயமானது. 1906இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடுக்கத்தைவிடத் தீயால்தான் பேரழிவு நேர்ந்தது என்றால், அதற்குத் தண்ணீர்க் குழாய்கள் உடைந்ததே பெரும் காரணம். அதனால்தான் உயர்மாடிக் கட்டடங்களுக்கு இங்கே தனித் தண்ணீர்த் தொட்டி கேட்கிறார்கள். ஆகவே காரண அறிக்கையின் வரிசையை மாற்றினோம். செங்குத்தான, குறுகலான, மழைக்காலத்தில் சரிந்து அடைபடும் சாலைகளால் வண்டி வந்து சேரத் தாமதமாகிறது என்பதை முதலில் வைத்தோம்; அதை எந்த நாளிலும் யாரும் சரிபார்க்க முடியும். நிலநடுக்கத்தை, வண்டிகள் சிதறிப் போகும் சூழ்நிலையாக மட்டும் குறிப்பிட்டு, ஸ்பிரிங்க்ளருக்கான தனிக் காரணமாகச் சொல்வதை விட்டோம். என் பார்வையில், திருத்தப்பட்ட அந்தப் பகுதிதான் முழு அறிக்கையிலும் உறுதியானது.

மற்றவை நாள்காட்டிக் கணக்கு. நகரமன்றத்தில் வரைவின் முதல் வாசிப்பு, நாளிதழ் அறிவிப்பு, பொது விசாரணை, இரண்டாம் வாசிப்பு, அதன்பின் 30 நாள் காத்திருப்பு என்று ஜனவரி 1இலிருந்து பின்னோக்கி எண்ணினால், இலையுதிர் காலம் தொடங்கும்போதே வரைவு முடிந்திருக்க வேண்டும். நிறைவேறிய சட்டமும் காரண அறிக்கையும் ஆணையத்தில் பதிவாகும்வரை திருத்தத்துக்கு உயிரில்லை.

இப்போது இந்த வேலையில் இறங்குபவர்களுக்கு நிலைமை மாறிவிட்டது. 2025இல் நிறைவேறிய ஏபி 130 என்ற மாநிலச் சட்டம், குடியிருப்புக் கட்டடங்களுக்கான புதிய உள்ளூர்த் திருத்தங்களை 2025 அக்டோபர் 1 முதல் 2031 ஜூன் 1 வரை பெரும்பாலும் நிறுத்தி வைத்திருக்கிறது. காட்டுத்தீக்கு எதிராக வீட்டைப் பலப்படுத்தும் விதிகள் போன்ற சில விலக்குகள் உண்டு. 2025 செப்டம்பர் 30 அன்று நடைமுறையில் இருந்த திருத்தங்களுக்கு இணையானவற்றையும் தொடரலாம். ஆகவே புதிய வரைவுக்கு முன்னால், முந்தைய சுற்றில் எது எந்தக் காரணத்தோடு, எந்தத் தேதியில் பதிவாயிற்று என்ற ஆவணங்களைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பிரிவில் பாதி ஆவணங்கள் நகர எழுத்தரின் அலுவலகத்தில்தான் கிடைத்தன.