அன்னப்பிளவுப் பிள்ளைக்கு மூச்சு எங்கே அடைக்கிறது?

"ஏல, வாய மூடிட்டு இருல" என்று ஆச்சிமார் பிள்ளைகளை அதட்டுவது திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் சகஜம். மேல்வாய் பிளந்து பிறந்து, அந்த அன்னப்பிளவைத் தைத்த பிள்ளையிடம் அந்த அதட்டல் வேண்டாம். அது வாயைத் திறந்து மூச்சுவிடுவது பெரும்பாலும் கெட்ட பழக்கம் இல்லை, மூக்கு வழியே காற்று போதவில்லை. வாயில் டேப் ஒட்டித் தூங்கவைக்கும் வீடியோக்களைப் பார்த்து யாரும் கைவைத்துவிடாதீர்கள். அடைப்பு எங்கே என்று தெரியாமல் வாயை மூடுவது ஆபத்து.

அன்னம்தான் வாய்க்குக் கூரை, மூக்குக்குத் தரை. குழந்தைக்கு ஏறக்குறைய 9 முதல் 18 மாதத்துக்குள் அன்னத்தைத் தைப்பார்கள். தைத்த இடத்தில் தழும்பு இறுகி, மேல்தாடையைப் பக்கவாட்டிலும் முன்புறமும் வளரவிடாமல் பிடித்துக்கொள்ளும். மேல்பல் வரிசை குறுகி, கீழ்ப்பற்களுக்கு உள்ளே விழும். மூக்கின் தரையும் கூடவே குறுகும். ஒருபக்கப் பிளவில், மூக்கின் இரண்டு துளைக்கும் நடுவே சுவராக நிற்கும் நடுத்தண்டும் வளைந்திருக்கும்: முன்நுனி பிளவில்லாத பக்கம் சாயும், உள்ளே போகப் போகப் பிளவுள்ள பக்கம் புடைக்கும்.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். பிள்ளை வாயை மூடியிருக்கும்போது மூக்குக்குக் கீழே சின்னக் கண்ணாடியைப் படுக்கவைத்துப் பிடியுங்கள். இரண்டு துளைக்கும் தனித்தனியாக ஆவி படியும். ஒருபக்கம் சின்னதாகப் படிந்தால் உடனே பயப்பட வேண்டாம், மூக்கு மாறி மாறி லேசாக அடைத்துத் திறப்பது இயல்பு. காலை, ராத்திரி என்று சில நாள் பாருங்கள். எப்போதும் ஒரே பக்கம்தான் அடைக்கிறது என்றால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் சொல்ல உருப்படியான தகவல் அது. ஆனி, ஆடிக் காற்றில் புழுதி கிளம்பும்போது மட்டும் அடைத்தால் அலர்ஜியாக இருக்கலாம், அதற்கு மருந்து வேறு.

மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையும் காரணமாகலாம். ஆனால் மற்ற பிள்ளைகளுக்குச் செய்வதுபோல அதைச் சட்டென்று எடுத்துவிடக் கூடாது. தைத்த அன்னம் குட்டையாக இருக்கும்போது, பேசும் நேரத்தில் அது அந்தச் சதைமேல் முட்டித்தான் மூக்கு வழியை மூடுகிறது. சதையை எடுத்ததும் பேச்சில் காற்று மூக்கு வழியே கசியலாம். பேச்சுப் பயிற்சியாளரையும் பார்த்த பிறகே அந்த முடிவை எடுக்க வேண்டும்.

பல் டாக்டரின் வேலை பெரும்பாலும் தாடையை விரிப்பதில் தொடங்கும். கடைவாய்ப் பல்லில் ஒட்டிய கம்பியோ, நடுவில் திருகு வைத்த கருவியோ போடுவார்கள். திருகு வகையில் சாவியைத் துளையில் நுழைத்து, அம்புக்குறிப்படி முன்னிருந்து பின்னாகத் தள்ளினால் கால் சுற்று. பெரும்பாலான திருகுகளில் அது ஏறக்குறைய 0.25 மி.மீ. அடுத்த துளை முழுசாகத் தெரியும்வரை தள்ள வேண்டும். தப்பு நடப்பது சாவியை எடுக்கும்போதுதான். வந்த வழியே முன்னால் இழுத்தால் திருகும் திரும்பிவிடும், அன்றைய வேலை வீண். சாவியைத் தொண்டைப் பக்கம் சாய்த்து மெதுவாக உருவ வேண்டும். சாவியில் நீளமான நூல் கட்டி விரலில் சுற்றிக்கொள்ளுங்கள், நழுவினாலும் விழுங்க முடியாது. ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் சேர்த்துத் திருகாதீர்கள்.

விரியும்போது அன்னத்தில் ஒரு ஓட்டை தெரிந்து, குடித்த தண்ணீர் மூக்கில் வந்தால் பெற்றோர் பதறிப்போவார்கள். பெரும்பாலும் குறுகிய எலும்புகளுக்கு நடுவே ஒளிந்திருந்த பழைய ஓட்டைதான் அது. டாக்டரிடம் காட்டுங்கள், பிறகு ஈறில் உள்ள பிளவில் எலும்பு வைக்கும்போது அதையும் சேர்த்து மூடிவிடலாம்.

கருவி இருக்கும்வரை அல்வா, கடலைமிட்டாய், பனங்கிழங்கு மூன்றையும் ஒதுக்குங்கள். அல்வா கருவியின் அடியில் அப்பிப் பல்லைச் சொத்தையாக்கும், கடலைமிட்டாய் கருவியைப் பல்லில் ஒட்டிய பசையைப் பெயர்க்கும், கிழங்கு நார் கம்பியில் சிக்கும்.

விரித்ததை அப்படியே விட்டால் தழும்பு திரும்ப இழுத்துக்கொள்ளும். அதனால் கருவியையோ வேறு கம்பியையோ வைத்துப் பிடித்திருந்து, கோரைப்பல் முளைக்கும் முன், சுமார் 8 முதல் 11 வயதுக்குள், இடுப்பெலும்பிலிருந்து எடுத்து ஈறில் எலும்பு வைப்பார்கள். இந்த வயதைத் தவறவிடுவதுதான் மனசுக்குக் கஷ்டமான விஷயம். கோரைப்பல் முளைத்த பிறகு அதே ஆபரேஷன் அவ்வளவு நன்றாகக் கைகூடுவதில்லை.

இதனால் மூச்சு சரியாகுமா என்று கேட்டால், சில பிள்ளைகளுக்கு நன்றாகவே இலகுவாகும், சிலருக்கு ஒன்றும் மாறாது. விரிவது தரைதான், வளைந்த நடுத்தண்டு நிமிராது. அதற்கான ஆபரேஷனைப் பெரும்பாலும் முகம் வளர்ந்து முடிந்த பிறகே செய்வார்கள். மூச்சுக்காக மட்டும் தாடையை விரிக்கச் சொல்லிக் கேட்காதீர்கள்.

பேச்சைத் திருத்த தொண்டையிலிருந்து சதைமடல் எடுத்து அன்னத்தோடு தைத்திருந்தால் அந்த மடலே அடைப்பாகலாம். குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுவது, பெரிய பிள்ளையும் படுக்கையில் மூத்திரம் போவது, பள்ளியில் தூங்கி வழிவது இவற்றில் எது இருந்தாலும் முதலில் தூக்கப் பரிசோதனை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியோ தனியார் ஆஸ்பத்திரியோ, எங்கே போனாலும் பழைய ஆபரேஷன் சீட்டுகளைக் கையோடு கொண்டுபோங்கள். மடல் வைத்திருக்கிறதா என்பது அதில்தான் எழுதியிருக்கும்.