தொல்கண்ட மேலோட்டின் கிரானைட்டுகள்: தேர்வுக்குப் படித்த அனுபவம்

நிலவியல் முதுகலைத் தேர்வில் ஆர்க்கியன் காலக் கிரானைட்டுகளின் தோற்றம் பற்றிய வினாவுக்கு ஐந்து பக்கம் எழுதினேன். கிடைத்ததோ பாதிக்கும் குறைவான மதிப்பெண். குவார்ட்ஸ், பொட்டாசிய ஃபெல்ட்ஸ்பார், மைக்கா என்று முன்பே மனப்பாடம் செய்திருந்த இலக்கணத்தையே விரித்திருந்தேன். ஆர்க்கியனில், அதாவது ஏறத்தாழ 400 கோடி முதல் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், உருவான கண்ட மேலோட்டின் பெரும்பகுதி, கண்டிப்பான பொருளில் கிரானைட்டே அன்று என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மறுமுறை படித்தபோது ஃபெல்ட்ஸ்பாரிலிருந்து தொடங்கினேன். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். குவார்ட்ஸ் 20 முதல் 60 விழுக்காடு வரை உள்ள பாறையில், மொத்த ஃபெல்ட்ஸ்பாரில் பிளஜியோகிளேஸ் (சோடியமும் கால்சியமும் கொண்ட ஃபெல்ட்ஸ்பார்) 90 விழுக்காட்டைத் தாண்டினால் அது தொனலைட். 65 முதல் 90 வரை இருந்தால் கிரானோடயோரைட். அதற்கும் குறைந்து, 10 வரை இறங்கும் பகுதிதான் கிரானைட். கருங்கனிமங்கள் குறைந்த வெளிர்நிறத் தொனலைட்டே ட்ரோண்ட்ஜெமைட். தொனலைட், ட்ரோண்ட்ஜெமைட், கிரானோடயோரைட் ஆகிய மூன்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து டிடிஜி என்பார்கள். ஆர்க்கியன் மேலோட்டின் பெரும்பகுதி இதுதான். செய்முறைத் தேர்வில் நுண்ணோக்கியின் கீழ் இணைகோடுகளாகத் தெரியும் பிளஜியோகிளேஸையும், கட்டம்போட்ட துணிபோல் தெரியும் மைக்ரோகிளின் என்ற பொட்டாசிய ஃபெல்ட்ஸ்பாரையும் பிரித்தறியக் கண் பழகிவிட்டால் பெயரிடுவதில் பாதி வேலை முடிந்துவிடும்.

வேதியியல் பகுதியை அட்டவணையாக உருப்போட வேண்டாம். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு கனிமத்தைப் பொறுப்பாக்குங்கள். டிடிஜியில் சிலிக்கா 70 விழுக்காட்டை ஒட்டியிருக்கும். சோடியம் மிகுந்தும் பொட்டாசியம் குறைந்தும் இருக்கும். இட்ரியமும் இட்டெர்பியமும் குறைந்திருப்பதற்குக் காரணம், நீரேறிய பசால்ட் என்ற கருநிற எரிமலைப் பாறை ஆழத்தில் பகுதியளவு உருகியபோது எஞ்சிய கார்னெட் அவற்றைப் பிடித்து வைத்துக்கொண்டதே. பிளஜியோகிளேஸ் எஞ்சாததால் ஸ்ட்ரான்ஷியம் உருகிய குழம்போடு வெளியேறியது. அந்தப் பசால்ட் அமிழ்ந்துசென்ற கடலடித் தட்டா, தடித்த மேலோட்டின் அடிப்பகுதியா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒன்றுபடவில்லை. விடைத்தாளில் இரு தரப்பையும் எழுதுவதே நேர்மை.

களச் சான்றுக்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா ஒன்றே போதும். வட்டக் குவிமாடங்களாக மேலெழுந்த கிரானைட் வகைப் பாறைகளுக்கிடையே பச்சைப்பாறைப் பட்டைகள் (உருமாறிய பழைய எரிமலைப் பாறைத் தொடர்கள்) அமிழ்ந்து கிடப்பதைக் காட்டும் வரைபடத்தை நான் பத்து முறையாவது வரைந்து பார்த்திருப்பேன்.

வயதில் ஒரு பொறி உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸின் ஏறத்தாழ 440 கோடி ஆண்டுப் பழமை, பிற்காலப் படிவுப் பாறையில் சிக்கிய சிர்க்கான் என்ற கனிமத் துகளுக்கு உரியது; கனடாவின் அகாஸ்டா நைஸ் என்ற உருமாறிய பாறையின் ஏறத்தாழ 400 கோடி ஆண்டு, பாறைக்கே உரியது. இரண்டையும் கலந்து எழுதினால் மதிப்பெண் போகும். என்னுடையது அப்படித்தான் போயிற்று.

வாய்மொழித் தேர்வில் என்னிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்வி: பொட்டாசியம் மிகுந்த கிரானைட்டுகள் ஏன் பெரும்பாலும் ஆர்க்கியனின் பிற்பகுதியில் பெருகின? பழைய டிடிஜிகளே மீண்டும் உருகியது முதன்மையான காரணம் என்றேன். அந்த உருகலின்போது யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகிய வெப்பம் தரும் தனிமங்கள் மேலே நகர்ந்தன. கீழ்மேலோடு குளிர்ந்து இறுகியது. தென்னிந்தியாவின் தார்வார் நிலத்தொகுதியின் குளோஸ்பெட் கிரானைட், ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் கட்டத்தைச் சேர்ந்தது.