இரண்டு முன்னங்காலும் நொந்தால்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய சின்னக் குதிரை லாயம் ஒன்றில் சைஸ் வேலை, அதாவது குதிரை பராமரிக்கும் வேலை, பார்க்கிறேன். இங்கே இருப்பவை பெரும்பாலும் பந்தயத்தில் ஓடி ஓய்ந்தவை. ஒன்று கால் நோக நடந்தால் போதும், பார்ப்பவர் எல்லாம் “வயசாச்சுல்ல” என்று முடித்துவிடுவார்கள். வயசானது உண்மைதான். ஆனால் எந்தக் காலில், எந்த இடத்தில் வலி என்று வயசு சொல்லாதே!

ஒரு முன்னங்காலில் மட்டும் வலி என்றால் பெரிய வித்தை தேவையில்லை. மெதுவாக ஓடவிட்டுத் தலையைப் பார்க்கணும். நோகிற கால் தரையில் படும்போது தலை மேலே போகும், நல்ல கால் படும்போது இறங்கும். உடல் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காட்டை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன. தலையைத் தூக்கி அந்தச் சுமையைக் குறைக்கப் பார்க்கும். இரண்டு காலும் சமமாக நொந்தால்தான் வம்பு. தலை ஆடவே ஆடாது. அடி மட்டும் குறுகிப்போகும்.

இங்குள்ள ஒரு பெட்டைக் குதிரை, 20 வயசைத் தாண்டியது, அப்படித்தான் குறுகிக் குறுகி நடந்தது. தோளில் சுளுக்கு என்று சொல்லித் தவுக்கே, அதாவது எங்கள் முதலாளி, தைலம் தேய்க்கச் சொன்னார். (குதிரை நொண்டினால் தோளைக் குற்றம் சொல்லாதவரை நான் பார்த்ததில்லை.) ஆனால் மணலில் ஓரளவு நடந்தது, தார் ரோட்டில் தடுக்கியது. நிற்கும்போது ஒரு முன்னங்காலை நீட்டி வைக்கும், கொஞ்ச நேரத்தில் மற்றதை நீட்டும். குளம்பின் முன்பக்கம் நீண்டு, குதிகால் பக்கம் நசுங்கிக் கிடந்தது.

டாக்டர் வந்து இடது குளம்புக்கு மேலே, குதியின் இரு பக்கமும் மரத்துப்போகும் ஊசி போட்டார். பத்து நிமிடம் கழித்து ஓடவிட்டோம். அதுவரை ஆடாத தலை, வலது கால் படும்போதெல்லாம் மேலே எகிறியது! இடது வலி அடங்கியதும், மறைந்திருந்த வலது வலி வெளியே வந்துவிட்டது. வலதுக்கும் ஊசி போட்டதும் அடி நீண்டது. அப்புறம் எக்ஸ்ரே. குளம்புக்குள் பின்பக்கம் நாவிக்குலர் என்று படகு வடிவ எலும்பு ஒன்று உண்டு. ஆழத்துத் தசைநாண் அதன் மேல்தான் அழுந்திப் போகிறது. முன்பக்கம் நீளமாக வளர்ந்தால் அந்த அழுத்தம் கூடும். இரண்டு காலிலும் அந்த எலும்பு கெட்டிருந்தது. முன்பக்கத்தைக் குறைத்து, குதியைத் தாங்கும்படி லாடம் அடிக்கச் சொன்னார் டாக்டர்.

வலி மருந்து பியூட் கொடுத்திருந்தால் அன்றைக்கு எதுவும் தெரிந்திருக்காது. நல்ல மருந்துதான், ஆனால் பரிசோதனைக்கு முன்னால் கொடுத்தால் தடயத்தை மறைத்துவிடும். இஷ்டத்துக்கு நாள்கணக்கில் கொடுத்தால் வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு வேறு.

மழைக்காலத்தில் கதை மாறும். நேற்று நன்றாக நடந்தது இன்று ஒரு காலை ஊன்ற மறுத்தால், குளம்புக்குள் சீழா என்று முதலில் பார்ப்போம். திறந்துவிட்டால் கறுப்பாக வடியும், பெரும்பாலும் சீக்கிரம் நடந்துவிடும். இரண்டு முன்குளம்பும் சுட்டு, குதிரை பின்னுக்குச் சாய்ந்து நின்றால் அது லாமினைட்டிஸ் என்கிற குளம்பு அழற்சி, அவசரம். கிழக் குதிரையில் அதற்குப் பின்னால் பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறு இருக்கலாம். இந்த ஊர் வெயிலிலும் முடி உதிராமல் நீண்டு கிடந்தால் ரத்தப் பரிசோதனை செய்தே ஆகணும்; வெல்லப்பாகு கலந்த தீவனத்தையும் நிறுத்தணும்.

அந்தப் பெட்டைக்கு முன்கால் தேறிய பிறகுதான் பின்னங்கால் விறைப்பு கண்ணில் பட்டது. ஒரு நிமிடம் போலக் காலை மடக்கிப் பிடித்து ஓடவிட்டதில் முழங்கால் மூட்டுக்குக் கீழே, ஹாக் மூட்டில் தேய்மானம் என்று தெரிந்தது. இப்போது காலையில் தோட்டத்து மண்பாதையில் நடத்திக்கொண்டு போகிறோம், சவாரி கிடையாது. லாடம் அடிப்பவர் ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை வருகிறார். அந்தச் செலவுக்குத் தவுக்கே முனகுவது மட்டும் நின்றபாடில்லை.