லாஸ்ட் நேம் என்ற கட்டம்

ஜூன் 8, 2025, ஞாயிறு

காலேஜ் திறப்பதற்குள் எல்லோரும் வேலை தேடுபவர்களுக்கான லிங்க்ட்இன் தளத்தில் கணக்கு தொடங்கியாக வேண்டும் என்று பிளேஸ்மென்ட் சார் குரூப்பில் போட்டுவிட்டார். மூன்றாம் வருஷம் ஆரம்பிக்கப் போகிறதாம், இப்போதே ‘பிராண்ட்’ ஆகணுமாம். கல்லிடைக்குறிச்சியில் பிராண்ட் என்றால் அப்பளக் கட்டின் மேல் ஒட்டுகிற லேபிள்தான்.

முதல் கட்டத்திலேயே மாட்டிக்கொண்டேன். ஃபர்ஸ்ட் நேம் முத்துலட்சுமி. லாஸ்ட் நேம்? காலியாக விட்டால் நகர மாட்டேன் என்கிறது. இனிஷியலை விரித்து அப்பா பேரைப் போட்டேன். பேருக்குக் கீழே ஒரு வரிக்கு 220 எழுத்து இடம் இருக்கிறது. ‘மாணவி’ என்று அடித்துவிட்டு, மிச்ச இடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 11, புதன்

முதல் மெசேஜ் வந்தது. “டியர் சண்முகவேல், உங்கள் புரொஃபைலைப் பார்த்து வியந்தோம்.” பணம் கட்டினால் இன்டர்ன்ஷிப் சர்டிபிகேட் தருவார்களாம். அப்பாவிடம் காட்டினேன். “எனக்கா வேலை? கடைய யார் பாத்துப்பா?” என்று கேட்டுவிட்டு டீ ஆற்றப் போய்விட்டார்.

பேரை மாற்றினேன். லாஸ்ட் நேம்: எஸ். ஒற்றை எழுத்துதான், ஆனால் அது என்னுடையது.

போட்டோதான் பெரிய பஞ்சாயத்து. “ஏட்டி, மொகத்த எதுக்கு ஊர் பூரா காட்டிக்கிட்டு?” அம்மா அப்பளம் இட்டபடியே கேட்டாள், தலையை நிமிர்த்தவில்லை. அரை மணி நேரம் பேசியும் இறங்கி வரவில்லை. கடைசியில், மாடிச் சுவரில் சாய்ந்து தம்பி எடுத்த படத்தை அவளே பார்த்து ஓகே பண்ணினாள். ஒரே நிபந்தனை: போன் நம்பர் மட்டும் எங்கேயும் கூடாது. சரி என்று தலையாட்டினேன். (ஜூலை 5ஐப் பார்க்கவும்.)

ஜூன் 17, செவ்வாய்

என்னிடம் 14 சர்டிபிகேட் இருக்கிறது. ஒவ்வொன்றையும் ‘மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறேன்’ என்று போட்டுக்கொண்டிருந்தேன். கிளாஸில் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். நான் உனக்கு லைக், நீ எனக்கு லைக், கல்யாண மொய் மாதிரி.

சிறுசேரியில் வேலை பார்க்கும் சீனியர் அக்கா இன்று போனில் கேட்டாள்: “இதுல எல்லாம் நீ படிச்சது இருக்கு. செஞ்சது எது?” எனக்குப் பதில் வரவில்லை. அதில் இரண்டு சர்டிபிகேட் எதைப் பற்றியது என்பதே மறந்துவிட்டது, அதை அவளிடம் சொல்லவில்லை.

ராத்திரி அம்மா வழக்கம்போல, “நாளைக்கு அம்பைக்குப் போணும், மகளிர் பஸ்ஸு எத்தன மணிக்கு?” என்றாள். 2021இலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. ஆனால் எந்த பஸ் சாதாரணக் கட்டணம் என்பது வந்து நிற்கும்போதுதான் தெரியும். பஸ் நேரத்தை எல்லாம் ஒரு வெப் பக்கமாகச் செய்யலாமே என்று தோன்றியது.

ஜூன் 29, ஞாயிறு

பத்து நாளாக இதே வேலை. அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் எழுதியிருந்த நேரங்களைப் போட்டோ எடுத்தேன். டைம் ஆபீஸ் அண்ணாச்சி முதலில் முறைத்தார். விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, “இது பழசு பாப்பா, இது இப்ப ஓடல” என்று பாதியை அடித்துவிட்டார்.

எல்லாம் ஒரே எச்டிஎம்எல் ஃபைல். மேலே ஊர் பேரைத் தட்டினால் அந்தப் பக்கம் போகிற பஸ் மட்டும் நிற்கும். மகளிர் பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு பிங்க் புள்ளி. கோட் எழுதுபவர்கள் தங்கள் ஃபைல்களை வைக்கும் கிட்ஹப் தளத்தில், அதை வெப் பக்கமாகக் காட்டும் கிட்ஹப் பேஜஸில் ஏற்றினேன். ஓசிதான், சர்வர் வாடகை கிடையாது. நம் யூசர்நேமிலேயே ஒரு ரெப்பாசிட்டரி (ஃபைல்களை வைக்கும் கிடங்கு) தொடங்கி அதில் ரீட்மீ என்ற அறிமுகக் குறிப்பு எழுதினால், அது நம் கிட்ஹப் பக்கத்தின் முகப்பில் வந்து நிற்கும். அதையும் எழுதினேன். சூட்டோடு சூடாக ரெஸ்யூமையும் பிடிஎஃப் ஆக்கிப் பக்கத்தில் சேர்த்துவிட்டேன்.

ஜூலை 5, சனி

ராத்திரி 11.40க்கு ஒரு போன். எடுத்தால் பேச்சே இல்லை. மறுபடியும் வந்தது. மூன்றாவது முறை ஒருவன், “முத்துலட்சுமிதானே?” என்றான். கட் பண்ணிவிட்டேன். கை நடுங்கியது.

நம்பர் எப்படிப் போயிருக்கும் என்று யோசிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த ரெஸ்யூம் காலேஜில் கொடுத்த மாதிரியைப் பார்த்து அடித்தது. அப்பா பேர், பிறந்த தேதி, கதவு எண், தெரு, செல் நம்பர், கடைசியில் ‘மேற்கண்டவை அனைத்தும் உண்மை என உறுதி கூறுகிறேன்’. ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் உறுதி கூறியிருக்கிறேன்.

உடனே ஃபைலை டெலீட் பண்ணினேன். அக்காவிடம் சொன்னதும், “ஹிஸ்டரியில பாத்தியா?” என்றாள். போய்ப் பார்த்தால் பழைய பிடிஎஃப் அப்படியே திறக்கிறது. எழுதியது எதுவும் தொலையக் கூடாது என்பதற்காகவே செய்யப்பட்டதுதானே, கிட்ஹப்புக்கு அடியில் ஓடும் கிட். நான் அழித்ததையும் பத்திரமாக வைத்திருந்தது. ஹிஸ்டரியை மட்டும் திருத்த வழி உண்டாம். எனக்கு அந்த நேரத்தில் பொறுமை இல்லை. ரெப்பாசிட்டரியையே அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினேன். இப்போது ரெஸ்யூமில் இதற்கென்று தொடங்கிய ஒரு மெயில் ஐடியும் மாவட்டப் பெயரும் மட்டும்.

அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜூலை 24, வியாழன், ஆடி அமாவாசை

காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகப் பாபநாசத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். என் பஸ் நேரப் பக்கத்தின் லிங்கைத் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் தம்பி போட்டிருக்கிறான். அது அங்கிருந்து எங்கெங்கோ போய்விட்டது. காலை 7 மணியிலிருந்து மெயில்: “6.40 வரல”, “பஸ் ஸ்டாண்டுல வேற நேரம் சொல்றாங்க”. ஒருத்தர், “பொய் நேரம் போட்டு ஜனங்களை அலைய விடாதீங்க” என்று எழுதியிருந்தார்.

திருவிழாவுக்குச் சிறப்புப் பேருந்து விடுவார்கள், வழக்கமான நேரம் எல்லாம் புரளும். பிறந்ததிலிருந்து இந்தக் கோயிலுக்கு வருகிறேன், இது தெரியாதா எனக்கு? தெரியும். பக்கத்தில் எழுதத் தோன்றவில்லை. வரிசையில் நின்றபடியே போனில் கிட்ஹப்பைத் திறந்து, மேலே சிவப்பில் ஒரு வரி சேர்த்தேன்: ‘இன்று ஆடி அமாவாசை. கீழே உள்ள நேரங்களை நம்ப வேண்டாம்.’ சிக்னல் போய்ப் போய் வந்தது. நாலாவது தடவைதான் ஏறியது.

திட்டியவருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். “பரவாயில்ல தம்பி” என்று பதில் வந்தது. இனிஷியல் மட்டும் பார்த்திருப்பார் போல.

ஆகஸ்ட் 2, சனி

220 எழுத்தை ஒருவழியாக நிரப்பினேன். ‘அம்பாசமுத்திரம் பஸ் நேரப் பக்கத்தை எழுதிப் பராமரிப்பவள். மூன்றாம் ஆண்டு இசிஇ.’ இடம் இன்னும் மிச்சம் இருக்கிறது, இருக்கட்டும். 14 சர்டிபிகேட்டில் 3 மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிட்டேன். ‘என்னைப் பற்றி’ பகுதியில் அமாவாசை அன்று அட்டவணை சொதப்பியதையும், அதற்குப் பிறகு விசேஷ நாட்களுக்குத் தனி வரி வைத்ததையும் எழுதினேன். சொதப்பியதை ஏன் எழுதுகிறாய் என்று தம்பி கேட்கிறான். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

தென்காசியிலிருந்து ஒரு பையன், தன் ஊருக்கும் இதே மாதிரி செய்ய நான் எழுதிய கோட் ஃபைலை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தான். தாராளமாக ஃபோர்க் பண்ணி உனக்கென்று ஒரு நகல் எடுத்துக்கோ, ரெஸ்யூமை மட்டும் சேர்க்காதே என்று பதில் போட்டேன்.

சாயங்காலம் டைம் ஆபீஸ் அண்ணாச்சி அப்பா கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். நாளையிலிருந்து பாபநாசம் 7.15, 7.25 ஆகிறதாம். “மாத்திரு பாப்பா, இல்லன்னா என்னத்தான் வைவாங்க” என்றார். தூங்குவதற்கு முன் மாற்ற வேண்டும்.