வசனத்துக்குக் காவல் நின்றவர்

திரைக்கதை எழுத ஆசைப்படும் யாராவது யாரைப் படிக்கலாம் என்று கேட்டால், பேடி சயெஃப்ஸ்கி என்று யோசிக்காமல் சொல்வேன். கூட்டு இல்லாமல் தனியாக எழுதிய திரைக்கதைகளுக்கு மூன்று முறை ஆஸ்கர் வாங்கியவர் அவர் ஒருவர்தான்.

நியூயார்க்கின் பிராங்ஸில் 1923ல் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் சிட்னி ஆரன். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியில் கண்ணிவெடியில் சிக்கி, இங்கிலாந்தில் உடம்பு தேறிக்கொண்டிருந்தபோதே ஒரு இசை நாடகம் எழுதிவிட்டார்.

அப்புறம் டிவி வந்தது. அன்றைய அமெரிக்க டிவி நாடகங்கள் ஸ்டுடியோவிலிருந்து அப்படியே நேரலையாகப் போகும். ரீடேக் கிடையாது, பெரிய கூட்டத்தைக் காட்ட முடியாது, கையில் இருப்பது நாலு சுவரும் சில முகங்களும்தான். அதற்கென்றே அளவெடுத்தது போன்ற கதைதான் 1953ல் அவர் எழுதிய 'மார்ட்டி'. மார்ட்டிக்குக் கசாப்புக் கடையில் வேலை, முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை, கறி வாங்க வருகிறவர்கள் எல்லாம் "உனக்கு எப்போதப்பா?" என்று துளைக்கிறார்கள். ஒரு பெண்ணுக்கு போன் போட்டு சினிமாவுக்கு வருகிறாயா என்று கேட்கிறான் மார்ட்டி. அவள் பேசுவது நமக்குக் கேட்கவே கேட்காது. இவன் ஒவ்வொரு கிழமையாகக் கேட்டுக் கேட்டு, குரல் இறங்கி, "சரி, புரிகிறது" என்று முடிப்பது மட்டும்தான் கேட்கும். தன்னைப் பற்றி ஒரு வரிகூட அவன் புலம்புவதில்லை, ஆனாலும் அவனுடைய மொத்த வாழ்க்கையும் அந்த ஒருபக்கப் பேச்சில் வந்துவிடுகிறது. வசனம் என்றால் இதுதான் என்பேன்.

அதுவே 1955ல் படமாகி, சிறந்த படம், சயெஃப்ஸ்கியின் திரைக்கதை உட்பட நாலு ஆஸ்கரும் கான் திரைப்பட விழாவின் உயரிய விருதும் வாங்கியது. 1971ல் 'தி ஹாஸ்பிடல்' அவருக்கு இரண்டாவது ஆஸ்கரைத் தந்தது. மூன்றாவதைத் தந்தது 1976ல் வந்த 'நெட்வொர்க்'. வேலை போகப் போகும் செய்தி வாசிப்பாளர் ஒருவர் நேரலையில் தற்கொலை செய்துகொள்ளப் போவதாக அறிவிக்கிறார், ரேட்டிங் ஏறுகிறது, நிர்வாகம் அவருடைய கோபத்தையே நிகழ்ச்சியாக்கி விற்கிறது. ரேட்டிங் இறங்கியதும் என்ன செய்கிறார்கள் என்பதைப் படத்திலேயே பாருங்கள். இன்றைய விவாத மேடைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் படம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. டிவிக்குள் வளர்ந்தவர் என்பதால்தான் அதன் பசி அவருக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்கிறது.

எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிப் போகிற ஆள் இல்லை. படப்பிடிப்புத் தளத்திலேயே உட்கார்ந்து, வசனம் எழுதியபடியே வருகிறதா என்று பார்ப்பார். கடைசிப் படமான 'ஆல்டர்ட் ஸ்டேட்ஸ்' (1980) சமயத்தில் இயக்குநர் கென் ரஸ்ஸலோடு ஒத்துப்போகவில்லை. படத்திலிருந்து தன் பெயரையே எடுக்கச் சொல்லிவிட்டார். டைட்டிலில் திரைக்கதை என்ற இடத்தில் வருவது 'சிட்னி ஆரன்'. அடுத்த வருஷமே புற்றுநோயில் இறந்துபோனார், வயது 58தான்.

ராட் ஸ்டைகர் நடித்த அந்த 1953 டிவி 'மார்ட்டி'யின் பதிவு இன்றும் கிடைக்கிறது. எழுத வருகிறவர்கள் முதலில் அதைப் பாருங்கள், படத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.