தொடர்மாடியின் நிலக்கீழ்த் தளத்தில் ஒரு ப்ளோவரை அடக்கிய அனுபவம்

2022 ஓகஸ்ட்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் அதற்கு மேலும் 66 சதவீதம். கொழும்பில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியின் பொதுப் பில்லைப் பார்த்த முகாமைத்துவக் குழு, லிஃப்டையும் தாழ்வார விளக்குகளையும் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தது. கீழே கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பிளாண்டில் இரவும் பகலும் இரைந்துகொண்டிருந்த, காற்று ஊதும் ப்ளோவர் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. நான் எலெக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவன். வயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீற்றரை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

கழிவைத் தின்னும் பக்டீரியாவுக்கு ஒட்சிசன் வேண்டும். அதற்குத்தான் தொட்டியின் அடியிலிருந்து காற்று ஊதுகிறோம். இந்த வகைப் பிளாண்டுகளில் மொத்த மின்சாரத்தில் பாதியோ அதற்கு மேலோ காற்றுக்கே போவது எங்கும் உள்ளதுதான். எங்கள் ப்ளோவரோ காலையில் எல்லா வீட்டுக் குளியலறையும் ஓடும்போதும், அதிகாலை மூன்று மணிக்குச் சொட்டுத் தண்ணீர் வராதபோதும் ஒரே அளவுதான் ஊதியது. இரவல் மீற்றர் ஒன்றைத் தொட்டிக்குள் விட்டுப் பார்த்தேன். விடியப்புறம் கரைந்த ஒட்சிசன் லீற்றருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டி நின்றது. 2 இருந்தாலே போதும்.

இதில் போகும் காசு நினைப்பதைவிட அதிகம். 30 பாகைச் சூட்டில் தண்ணீர் பிடித்துவைக்கக்கூடிய ஒட்சிசனே ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான். அந்த எல்லைக்கு எவ்வளவு இடைவெளி இருக்கிறதோ, அந்த அளவுக்குத்தான் ஒட்சிசன் வேகமாகக் கரையும். 2 இல் நின்றால் இடைவெளி 5.5. 5 இல் நின்றால் வெறும் 2.5. அதே ஒட்சிசனைக் கரைக்க இரண்டு மடங்குக்கும் மேல் காற்றை ஊத வேண்டியிருக்கிறது.

விலை கேட்டபோது வந்த விற்பனையாளர் ஒருவர், வேகத்தைப் பாதியாக்கினால் மின்சாரம் எட்டில் ஒன்றாகிவிடும் என்று வரைபடம் காட்டினார். விசிறிக்கு அந்தக் கணக்குச் சரி. எங்களுடையது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே அளவு காற்றைத் தள்ளும் ரூட்ஸ் ப்ளோவர்; அது தள்ள வேண்டிய தண்ணீரின் உயரம் மாறுவதே இல்லை. அதனால் மின்சாரம் வேகத்தோடு நேருக்கு நேராகத்தான் குறையும். ரொம்பவும் குறைத்தால் ப்ளோவர் சூடாகும், சேறும் அடியில் படியும். மோட்டருக்குக் கொடுக்கும் மின்சாரத்தின் ஹேர்ட்ஸைக் குறைத்தால் வேகம் குறையும். ஆகவே 50 ஹேர்ட்ஸில் ஓடியதை 30 க்குக் கீழே விடுவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டோம். கடைசியில் வாங்கியது மோட்டரின் வேகத்தை மாற்றும் ஒரு டிரைவ், ஒளியால் அளக்கும் ஒட்சிசன் சென்சர், சென்சரைப் பார்த்து டிரைவுக்குக் கட்டளை கொடுக்கும் சின்னக் கணினி போன்ற ஒரு பீஎல்சி.

பிளாண்டைப் பார்த்துக்கொள்பவர் மஸ்கெலியாப் பக்கத்து அண்ணன். நுரையின் நிறத்தையும் வாடையையும் வைத்தே தொட்டியின் உடல்நிலையைச் சொல்லிவிடுவார். “சார், தண்ணி கறுத்து நாத்தம் எடுத்தா நீங்க மேல வீட்டுல இருப்பீங்க, நான்தானே இங்க நிக்கணும்?” என்றார். நியாயமான கேள்வி. சென்சர் கோளாறானால் டிரைவ் தானாகவே பழைய வேகத்துக்குப் போக வேண்டும் என்பதை அவருக்காகவே எழுதிச் சேர்த்தோம். ஒட்சிசன் இலக்கையும் ஒரேயடியாக இறக்கவில்லை. 3 இல் தொடங்கி மெதுவாகத்தான் 2 க்கு வந்தோம்.

உண்மையான வேலை சென்சரில்தான் இருந்தது. பொருத்த வந்தவர்கள் ஏணிக்குப் பக்கத்தில், காற்றைக் குமிழிகளாக்கி விடும் டிஃப்யூசருக்கு நேர் மேலே தொங்கவிட்டுப் போனார்கள். குமிழிகள் முனையில் ஒட்டி அளவைக் கூட்டிக் காட்டின, நகர்த்தினோம். சில நாளில் தூக்கிப் பார்த்தால் தலைமயிர், காது குடையும் பஞ்சுக்குச்சி, குழந்தை துடைக்கும் ஈரத் துணி எல்லாம் சுற்றிக் கிடந்தன. அவற்றை உருவி எடுத்தால் கீழே பழுப்பாக வழுவழுப்பான ஒரு படை. அந்தப் படையிலிருக்கும் பக்டீரியா தானே ஒட்சிசனைக் குடிப்பதால் சென்சர் குறைவாகக் காட்டும். உடனே ப்ளோவர் வேகமெடுக்கும். எந்த அலாரமும் அடிக்காது, மிச்சம் பிடித்தது மட்டும் கரைந்துகொண்டிருக்கும். இப்போது அண்ணன் வாரம் ஒருமுறை மென்மையான துணியால் துடைத்து, காற்றில் பிடித்து அளவு 7.5 பக்கம் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறக்குகிறார்.

இரவில் வேறொரு சிக்கல். 30 ஹேர்ட்ஸில் ஓடினாலும் ஒட்சிசன் 2 ஐத் தாண்டி ஏறியது. அதனால் நள்ளிரவுக்குப் பின் கொஞ்ச நேரம் ப்ளோவரை முழுதாக நிறுத்தி, மறுபடி ஊதும் சுழற்சி வைத்தோம். கரண்டுக்காகச் செய்தது, வேறொரு தொல்லையையும் தீர்த்தது. வெகு காலமாகவே, சேறு அடியில் படிந்து தண்ணீர் தெளிய வேண்டிய எங்கள் செட்லிங் டேங்கில் சேறு கட்டி கட்டியாக மிதந்து வரும். காற்று அதிகமாகி, கழிவிலுள்ள அமோனியா எல்லாம் நைத்திரேற்றாக மாறி, அது செட்லிங் டேங்கின் அடியில் நைதரசன் வாயுவாகி சேற்றைத் தூக்கியிருக்கிறது. இப்போது அந்த மாற்றம் காற்று நின்ற நேரத்தில் காற்றூட்டும் தொட்டியிலேயே நடந்துவிடுகிறது. ஒரு கிராம் அமோனியா நைதரசனை நைத்திரேற்றாக மாற்ற 4.57 கிராம் ஒட்சிசன் செலவாகும். நைத்திரேற்று வாயுவாகும்போது அதில் 2.86 கிராமுக்கு ஈடானது திரும்பிக் கிடைக்கும்.

மாலை உச்ச நேரம், அதாவது 6.30 முதல் 10.30 வரை, யூனிட் விலை கூட. எல்லோரும் குளித்துச் சமைப்பதும் அப்போதுதான். வருகிற தண்ணீரில் ஒரு பகுதியை, வரத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் தொட்டியில் பிடித்துவைத்து 10.30 க்குப் பிறகு அனுப்புகிறோம். தொட்டி சிறியது, அதற்கு மேல் அதைக் கேட்க முடியாது.

ப்ளோவரின் மின்சாரம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. சுற்றாடல் உரிமத்துக்கான பரிசோதனையில் பீஓடி, அதாவது மிஞ்சியிருக்கும் கழிவைச் சிதைக்கத் தேவைப்படும் ஒட்சிசன், லீற்றருக்கு 30 மில்லிகிராம் என்ற எல்லைக்குள்ளேயே நிற்கிறது. குழுவில் இப்போது உற்சாகம் கூடி, அமோனியா சென்சரும் போடலாமே என்கிறார்கள். பெரிய பிளாண்டுக்கு அது நல்லது. எங்கள் அளவுக்கு அதைப் பராமரிக்கும் செலவே மிச்சத்தைத் தின்றுவிடும் என்பதால் வேண்டாம் என்றேன். அந்தக் காசுக்கு அடைபட்ட டிஃப்யூசர் தட்டுகளை மாற்றச் சொல்லியிருக்கிறேன்.